அந்தமான் செல்லுலார் ஜெயில்: அவசரப்படாம பாக்குறதுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அந்தமான் போறவங்க எல்லாருமே செல்லுலார் ஜெயிலுக்குப் போறாங்க, ஆனா நிறைய பேர் அதைப் பாக்காமலேயே திரும்பி வந்துடறாங்க. முதல் தடவை நானும் அப்படித்தான். பேக்கேஜ் டூர்ல போனோம், ஏர்போர்ட்ல இறங்கி ரூம்ல பெட்டிய வச்சுட்டு சாப்பிட்டு கெளம்பும்போதே மணி மூணரை, வண்டிக்காரர் "ஒரு மணி நேரம் சார், அப்புறம் பீச்"ன்னாரு, உள்ள போயி டவர்கிட்ட ஒரு ஃபோட்டோ, தூக்குமேடைகிட்ட ஒரு ஃபோட்டோ, சாவர்க்கர் ரூம் எதுன்னு கேட்டு அங்க ஒரு ஃபோட்டோ, அதுக்குள்ள விசில் அடிச்சு வெளிய போகச் சொல்லிட்டாங்க. ரெண்டாவது தடவை அப்பாவைக் கூட்டிட்டு போனேன், அரை நாள் முழுக்க அங்கயே இருந்தோம். அப்பதான் புரிஞ்சுது, அங்க சாட்டையும் சங்கிலியும் அப்புறம்தான், அந்தக் கட்டடமேதான் முதல் தண்டனை. சுவரு, கதவு, தாழ்ப்பாள், ஜன்னல் எல்லாமே ஒரு மனுஷன இன்னொரு மனுஷன் கண்ணுல படாம வைக்கிறதுக்காகவே உக்காந்து யோசிச்சு கட்டினது. அத நின்னு பாத்தாதான் தெரியும், அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

போறதுக்கு முன்னாடி: கொஞ்சம் கதை

இத ஸ்கிப் பண்ணிடாதீங்க, கதை தெரியாம போனா அது வெறும் செங்கல் கட்டடம்.

நம்ம ஊர் பெரியவங்க "தீவாந்தர தண்டனை"ன்னு சொல்லுவாங்கல்ல, அந்தத் தீவு இதுதான். வடக்க "காலாபானி". 1857 கலகம் முடிஞ்சதும் பிடிபட்டவங்கள எங்க வைக்கிறதுன்னு தேடி, 1858 மார்ச் 10ஆம் தேதி 200 கைதிகளோட முதல் கப்பல் அங்க போய் சேந்துது. அப்போ ஜெயிலே கிடையாது, தீவே ஜெயில்தான், சுத்தி கடல், உள்ள காடு, அந்தக் காட்ட வெட்டினதும் இவங்கதான். செல்லுலார் ஜெயில் கட்டுனது ரொம்ப பின்னாடி, 1896ல ஆரம்பிச்சு 1906ல முடிச்சாங்க. செங்கல் பர்மால இருந்து கப்பல்ல வந்துது, கட்டினது அங்கயே தண்டனையில இருந்த கைதிகள். தனக்கு தானே கொட்டடி கட்டிக்கிட்ட மாதிரின்னு வச்சுக்கோங்க.

நடுவுல ஒரு டவர், அதுல இருந்து ஏழு பக்கமும் மூணு மாடி வரிசைகள், சைக்கிள் சக்கரத்துக்கு கம்பி இருக்கற மாதிரி. பொதுவா சொல்ற கணக்கு 693 அறை. எல்லாமே தனித்தனி அறை, பொதுக் கொட்டடியே கிடையாது, "செல்" மட்டுமே இருக்கறதாலதான் செல்லுலார்னு பேரு. ஏழுல இப்போ மிச்சம் இருக்கறது மூணு வரிசைதான். 1941 நிலநடுக்கத்துல கொஞ்சம், ஜப்பான்காரன் இருந்தப்போ கொஞ்சம், சுதந்திரத்துக்கு அப்புறம் கொஞ்சம்னு மத்ததெல்லாம் போச்சு, அந்த இடத்துலதான் இப்போ கோவிந்த் வல்லப் பந்த் ஆஸ்பத்திரி இருக்கு. 1979 பிப்ரவரி 11ல தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சாங்க.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க நிறைய பேரு வ.உ.சி. செக்கிழுத்தது அந்தமான்லன்னு நெனச்சுட்டு வர்றாங்க. இல்லீங்க. அவருக்கு 1908ல குடுத்தது தீவாந்தர தண்டனைதான், ஆனா அவரு இருந்தது கோயம்புத்தூர் ஜெயிலும் கண்ணூர் ஜெயிலும், செக்கிழுத்தது கோயம்புத்தூர்ல. கைடுகிட்ட "வ.உ.சி. ரூம் எது"ன்னு கேக்க வேண்டாம். ஆனா செக்குன்னா என்னன்னு நமக்கு சொல்லித் தர வேண்டியதில்ல, அதனாலயே அந்த முற்றத்துல நாம நிக்கற விதம் வேறயா இருக்கும்.

எப்போ போறது

அந்தமானுக்கு ரெண்டு பருவமழையும் உண்டு, மே மாசத்துல ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் விட்டு விட்டு பெய்யும். ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் நல்லது. ஏப்ரல்ல வெயில் கொளுத்தும், ஆனா கடல் அமைதியா இருக்கறதால போட் கேன்சல் ஆகற தொல்லை கம்மி.

நாள் விஷயத்துல திங்கட்கிழமையையும் தேசிய விடுமுறை நாளையும் ஜெயிலுக்குன்னு பிளான்ல போடாதீங்க, ஜெயிலுக்கு எதிர்ல இருக்கற ராஸ் தீவுக்கு (அதப் பத்தி பின்னாடி சொல்றேன்) புதன்கிழமைய போடாதீங்க. மதியம் சாப்பாட்டு நேரத்துல ஜெயில் கேட்டை கொஞ்ச நேரம் மூடுவாங்க, அதனால பதினொண்ணரைக்கு போயி நிக்கறது வேஸ்ட்.

நெறைய பேர் கோட்டை விடற இடம் சூரியன். அந்தமான் நமக்கு ரொம்ப கிழக்க இருக்கு ஆனா கடிகாரம் இந்திய நேரம்தான், அதனால டிசம்பர்ல அஞ்சு மணிக்கெல்லாம் பொழுது சாஞ்சுடும். நாலு மணிக்கு போனா "இன்னும் வெளிச்சம் இருக்கே"ன்னு நெனைப்பீங்க, அரை மணி நேரத்துல அறைக்குள்ள எதுவுமே தெரியாது. காலையில கேட் திறக்கும்போதே நிக்கணும், என்னைக் கேட்டா இதுல மட்டும் விட்டுக்குடுக்காதீங்க.

போய்ச் சேர்றது

சென்னையில இருந்து ஃபிளைட் ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல. கப்பலும் இருக்கு, மூணு நாள் கிட்ட ஆகும், டைம் இருக்கறவங்களுக்கு நான் ஒரு வழியாவது கப்பல்தான் சொல்லுவேன், ஏன்னா கைதிகளைக் கொண்டுபோன தூரம் எவ்வளவுன்னு உடம்புக்கே தெரியும், கண்ணுக்கு எட்டின வரைக்கும் தண்ணியத் தவிர ஒண்ணும் இல்ல. ஜெயில் இருக்கற ஊரு போர்ட் பிளேர், இந்தியர்களுக்கு அங்க போக தனியா பர்மிட் வேண்டாம், அடையாள அட்டை ஒரிஜினல் கைல இருந்தா போதும். 2024ல ஊர் பேர ஸ்ரீ விஜயபுரம்னு மாத்திட்டாங்க, டிக்கெட்லயும் போர்டுலயும் ரெண்டு பேரும் வரும், குழம்பிடாதீங்க.

தங்கறதுக்கு அபர்டீன் பஜார் பக்கம் பாருங்க, அங்கிருந்து ஜெயிலுக்கு நடந்தே போயிடலாம், மேட்டுல ஏறணும் அவ்வளவுதான். பாஷை பிரச்சனையே இல்ல, அங்க தமிழங்க ஏகப்பட்ட பேரு, ஆட்டோக்காரர் நம்ம மூஞ்சியப் பாத்ததும் "எங்க போணும்ணே"ன்னு கேட்டுருவாரு.

டிக்கெட், பை, செருப்பு

நுழைவு டிக்கெட் கேட்லயே கிடைக்கும், பெரிய செலவு இல்ல. சாயங்காலம் ஒலி-ஒளி காட்சிக்கு தனி டிக்கெட், சீசன்ல அதுதான் சீக்கிரம் தீரும், அதனால முதல்லயே வாங்கிடுங்க, வாங்கும்போது எந்த பாஷை ஷோன்னு கேட்டுக்கோங்க, இந்தி புரியாதவங்க வீட்ல இருந்தா இங்கிலீஷ் ஷோ என்னைக்குன்னு பாத்து அதுக்கேத்த மாதிரி நாளை வச்சுக்கோங்க. உக்கார்றது திறந்த வெளியில, கொசு கடிக்கும், மழை வந்தா நனைவீங்க, குடை எடுத்துக்கோங்க.

நல்ல கிரிப் உள்ள செருப்பு போடுங்க, படிக்கட்டு குறுகல், மழைக்கு அப்புறம் வழுக்கும். தண்ணி பாட்டில் வேணும். டிரோன் எல்லாம் கொண்டு போகாதீங்க, கடற்படை இருக்கற ஊரு. முட்டி வலி உள்ளவங்க மூணு மாடியும் ஏறணும்னு இல்ல, கீழ்த்தள அறைகளும் அதே அளவுதான், அதே கதவுதான்.

உள்ள போனதும்: வரிசையை மாத்துங்க

எல்லாரும் வாசல்ல இருக்கற மியூசியம், அப்புறம் முற்றம், அப்புறம் தூக்குமேடை, கடைசியா அறைகள்னு போவாங்க. நீங்க திருப்பிப் போடுங்க. கேட் திறந்ததும் நேரா அறைகள் இருக்கற வரிசைக்கு போயிடுங்க, ஏன்னா காலையில முதல் அரை மணி நேரம்தான் அங்க ஆள் இருக்காது, ஆள் இல்லாத அமைதியிலதான் அந்த இடம் பேசும்.

மேல் மாடிக்கு ஏறி, சாவர்க்கர் அறையைத் தேடிப் போகாம, நடுவுல ஏதாவது பேர் இல்லாத ஒரு அறை முன்னாடி நில்லுங்க. முதல்ல தாழ்ப்பாளைப் பாருங்க. கதவு முழுக்க இரும்புக் கம்பி, ஆனா பூட்டு கதவுல இல்ல. கதவுல இருந்து ஒரு நீளமான இரும்புப் பட்டை சுவருக்குள்ள குடைஞ்ச ஒரு பொந்துக்குள்ள போகுது, பூட்டு அந்தப் பொந்துல. அப்பா உள்ள போயி நின்னு கம்பி வழியா கைய வெளிய விட்டு அந்தப் பூட்டைத் தொட முடியுதான்னு பாத்தாரு. தோள் வரைக்கும் கம்பியில அழுத்தி, விரலை நீட்டி நீட்டி பாத்தாரு, எட்டவே இல்ல, சுவரைத்தான் தடவ முடிஞ்சுது. வெளிய வந்து ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசல, முழங்கைல ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிக்கிட்டே நின்னாரு. நீங்களும் செஞ்சு பாருங்க, குழந்தைகளையும் செய்யச் சொல்லுங்க.

அப்புறம் உள்ள போயி சுவரோரமா நில்லுங்க. நாலரை மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். பின் சுவருல மூணு மீட்டர் உயரத்துல ஒரு சின்ன ஜன்னல், எட்டிப் பாக்க முடியாது, வெளிச்சம் மட்டும் வரும். அஞ்சு நிமிஷம் ஃபோனை பாக்கெட்ல வச்சுட்டு தனியா இருங்க, கூட வந்தவங்கள கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. நான் இருந்தப்போ அந்த வெளிச்சம் தரையில ஒரு சின்னக் கட்டமா விழுந்திருந்துது, அதுல கம்பியோட நிழல். அவ்வளவு பக்கத்துல கடல், ஆனா கண்ணுக்குத் தெரியல. நான் தங்கியிருந்த ரூமோட பாத்ரூம் ஜன்னல்லயே கடல் தெரிஞ்சுது.

வெளிய வராந்தாவுல வந்து எதிர்ல பாருங்க. ஒவ்வொரு வரிசையோட முகப்பும் அடுத்த வரிசையோட முதுகைப் பாத்து இருக்கற மாதிரி கட்டியிருக்காங்க. அதாவது ஒருத்தன் கம்பிகிட்ட வந்து நின்னா எதிர்ல தெரியறது இன்னொரு முகமில்ல, பின்பக்கச் சுவரு. பக்கத்து அறையில இருக்கறவனும் தெரியாது, எதிர்ல இருக்கறவனும் தெரியாது. இப்போ பாதி வரிசை இடிஞ்சு போனதால இது உடனே பிடிபடாது, அதனாலதான் நின்னு பாக்கச் சொல்றேன். டவர்ல நிக்கற காவலாளிக்கு மட்டும் எல்லா வராந்தாவும் தெரியும்.

அதுக்கப்புறம் சாவர்க்கர் அறைக்கு போங்க, மூணாவது மாடியில கடைசி அறை, 1911ல வந்து 1921ல இங்கிருந்து கொண்டுபோனாங்க, அவரோட அண்ணன் கணேஷ் சாவர்க்கரும் இதே ஜெயில்லதான் இருந்தாரு. அங்க எப்பவும் கூட்டம் இருக்கும், வரிசையில நின்னு பாத்துட்டு நகர்ந்துடுங்க.

டவரும் மொட்டை மாடியும்

டவருக்குள்ள சலவைக்கல்லுல பேர் பொறிச்சிருக்காங்க, மாகாணம் மாகாணமா. அத வேகமா கடந்து போகாதீங்க. வங்காளத்துப் பட்டியல் எவ்வளவு நீளம்னு பாருங்க, அப்புறம் பஞ்சாப். ஒவ்வொரு பேரையும் படிக்க முடியாதுதான், பத்து பேராவது வாய்விட்டு படிங்க. அலிப்பூர் குண்டு வழக்குல வந்த பாரீந்திர கோஷ், உல்லாஸ்கர் தத், ஹேமச்சந்திர தாஸ், பகத் சிங்கோட சேந்து சட்டசபையில குண்டு போட்ட பட்டுகேஷ்வர் தத், இவங்க எல்லாம் இங்க இருந்தவங்க. உல்லாஸ்கர் தத்துக்கு இங்க நடந்த சித்திரவதையில புத்தி பேதலிச்சுப் போச்சு.

மேல மொட்டை மாடிக்கு வந்தா காத்து அள்ளும், எதிர்ல ராஸ் தீவு, அந்தப் பக்கம் நார்த் பே. பழைய சிவப்பு 20 ரூபாய் நோட்டு வீட்ல இருந்தா கொண்டு போங்க, அதோட பின்பக்கத்துல இருக்கற தென்னையும் கடலும் இந்தப் பக்கத்துக் காட்சிதான், மவுண்ட் ஹாரியட்ங்கற மலையில இருந்து பாத்தது. ஃபோட்டோ எடுக்கறதா இருந்தா இங்க எடுங்க, அறைகளுக்குள்ள சிரிச்சுகிட்டு செல்ஃபி எடுக்கறத மட்டும் விட்ருங்க, கெஞ்சி கேக்கறேன்.

முற்றம், செக்கு, தூக்குமேடை

கீழ வந்தா முற்றத்துல செக்கு கொட்டகை. மாடு இழுக்கற செக்கை மனுஷன் சுத்தணும், ஒரு நாளைக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய், கிலோல சொன்னா 13க்கு மேல. எடை குறைஞ்சா அடி. இன்னொரு வேலை தேங்காய் மட்டையைத் தட்டி நார் எடுக்கறது. பக்கத்துல சவுக்கடி குடுக்கற மரச்சட்டம் இருக்கு, கையையும் காலையும் அதுல கட்டி நிறுத்துவாங்க. டேவிட் பாரின்னு ஒரு ஜெயிலர், அவரு காலத்துலதான் அரசியல் கைதிகளுக்கு இந்தக் கொடுமை எல்லாம் உச்சத்துல இருந்துது. 1912ல இந்து பூஷண் ராய் தாங்க முடியாம தன் அறையிலயே தூக்குப் போட்டுக்கிட்டாரு.

1933 மே மாச உண்ணாவிரதத்தை பத்தி கைடு சொன்னாருன்னா சரி, சொல்லலன்னா நீங்க கேளுங்க. சாப்பிடற மாதிரி சோறு, படிக்க பேப்பர், ராத்திரி விளக்கு, இந்த மாதிரி மனுஷனுக்கு வேண்டியதத்தான் கேட்டாங்க. பலவந்தமா மூக்கு வழியா குழாய் விட்டு பால் ஊத்தினதுல மஹாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மோய்த்ரா மூணு பேரும் செத்துப் போனாங்க. ஆனா கடைசியில கேட்டதுல பலது குடுக்க வேண்டி வந்துது. 1937ல மறுபடி உண்ணாவிரதம், காந்தியும் தாகூரும் தலையிட்டாங்க, அதுக்கப்புறம் 1938 ஆரம்பத்துக்குள்ள அரசியல் கைதிகளைத் தாய்நாட்டுக்கு திருப்பிக் கொண்டுபோனாங்க. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்க முடியாத மாதிரி கட்டின கட்டடத்துக்குள்ள இத்தனை பேர் ஒரே நாள்ல சாப்பாட்டைத் தள்ளி வச்சிருக்காங்க பாருங்க, எனக்கு அங்க நின்னப்போ அதுதான் தொண்டைய அடைச்சுது.

தூக்குமேடையில மூணு கயிறு, ஒரே நேரத்துல மூணு பேரு. சின்னக் குழந்தைகளோட போறவங்க முன்னாடியே சொல்லி கூட்டிட்டு போங்க, திடீர்னு காட்டாதீங்க. கீழ இருக்கற அறையையும் பாத்துடுங்க.

இங்க பெரும்பாலும் விட்டுப்போற பகுதி ஒண்ணு இருக்கு. 1942 மார்ச்ல ஜப்பான் படை தீவைப் பிடிச்சு 1945 அக்டோபர் வரைக்கும் வச்சிருந்துது. அப்போ இந்த ஜெயில்ல அடைச்சது உள்ளூர் ஜனங்களை, ஒற்றர்னு சந்தேகப்பட்டு. திவான் சிங்னு ஒரு டாக்டர், பஞ்சாபிக் கவிஞர், இதுக்குள்ளதான் அடிச்சே கொன்னாங்க, 1944 ஜனவரியில. அதே மாசக் கடைசியில ஹம்ஃப்ரிகஞ்ச்ல 44 பேரை சுட்டாங்க. அதுக்கு சில வாரம் முன்னாடிதான், 1943 டிசம்பர் 30ல, நேதாஜி போர்ட் பிளேர்ல கொடியேத்தினாரு. ரெண்டையும் சேத்து தெரிஞ்சுகிட்டுதான் அந்தக் காலத்தைப் பாக்கணும்.

மியூசியம் கடைசியா

இப்போ வாங்க மியூசியத்துக்கு. காலையிலயே பாத்திருந்தா கண்ணாடிப் பெட்டிக்குள்ள இரும்புன்னு நகர்ந்திருப்பீங்க. இப்போ அந்தக் கால் விலங்கு, குறுக்குக் கம்பி விலங்கு, கழுத்து வளையம், சாக்குத் துணி சட்டை எல்லாத்தையும் எங்க போட்டாங்க எப்படி நடந்தாங்கன்னு மனசுல ஓடும். குறுக்குக் கம்பி விலங்குன்னா ரெண்டு காலையும் அகட்டி வச்ச மாதிரியே நாள் கணக்குல வைக்கிறது, நடந்தாலும் படுத்தாலும் காலைச் சேக்க முடியாது. ஃபோட்டோ கேலரியில முகங்களைப் பாருங்க, நெறைய பேருக்கு இருபது இருபத்தஞ்சு வயசுதான்.

வெளிய வந்ததும் எதிர்ல ஒரு பூங்கா, அங்க ஆறு பேருக்கு சிலை: இந்து பூஷண் ராய், பாபா பான் சிங், ராம் ரக்கா, மஹாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோஹித் மோய்த்ரா. உள்ள கேட்ட பேருங்க, இங்க முகத்தோட நிக்கறாங்க. ஐஸ்கிரீம் வாங்கற இடமாத்தான் முக்கால்வாசிப் பேரு அத வச்சிருக்காங்க, ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க.

சாயங்காலம் திரும்பி வரணும்

ரூமுக்கு போயி தூங்கி எழுந்து ஷோவுக்கு வாங்க. இருட்டுல அந்த வரிசைகள் மேல விளக்கு விழும், முற்றத்து அரசமரம் கதை சொல்ற மாதிரி போகும். சிலருக்கு இது போரடிக்கும், குறிப்பா காலையில உள்ள போகாம நேரா ஷோவுக்கு வந்தவங்களுக்கு. காலையில பாத்தவங்களுக்கு எந்த அறையில விளக்கு எரியுதோ அது எதுன்னு தெரியும், அதுல இருக்கு விஷயம். உள்ளே குழந்தை அழுதா தூக்கிட்டு ஓரமா போயிடுங்க, பின்னாடி இருக்கறவங்களும் காசு குடுத்துத்தான் வந்திருக்காங்க.

மறுநாள்: ராஸ் தீவு

ஜெயிலைப் பாத்துட்டு ராஸ் பாக்காம வந்தா பாதிக் கதைதான். இப்போ பேரு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு, 2018ல மாத்தினாங்க. ராஜீவ் காந்தி வாட்டர் ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸ்ல இருந்து போட், கொஞ்ச நேரப் பயணம்தான். கைதிகள ஆண்டவங்க குடியிருந்தது இங்க. சர்ச், பேக்கரி, கிளப், டென்னிஸ், நடனத்துக்கு ஹால், கடல் தண்ணிய நல்ல தண்ணியாக்க ஒரு பிளான்ட். 1941 நிலநடுக்கத்துல உடைஞ்சு, அப்புறம் ஆள் விட்டுப் போயி, இப்போ ஆலமர வேர் சுவருங்களை அப்படியே கட்டிப் பிடிச்சுகிட்டு நிக்குது. மானும் மயிலும் பக்கத்துல வரும், சிப்ஸ் குடுக்காதீங்க. போட்காரங்க நார்த் பே வாட்டர் ஸ்போர்ட்ஸையும் சேத்து பேக்கேஜ் போடுவாங்க, எடுங்க ஆனா ராஸ்ல ரெண்டு மணி நேரம் நிப்பாட்டணும்னு ஏறும்போதே பேசிடுங்க.

வைப்பர் தீவு, கிடைச்சா

செல்லுலார் ஜெயில் கட்டறதுக்கு முன்னாடி ஜெயிலும் தூக்குமேடையும் இங்கதான். 1872 பிப்ரவரி 8ல வைஸ்ராய் மேயோ பிரபுவை ஹோப்டவுன் படகுத்துறையில ஷேர் அலி அஃப்ரிதிங்கற கைதி குத்திக் கொன்னான், மார்ச் 11ல அவனை இந்தத் தீவுலதான் தூக்குல போட்டாங்க. போட் எல்லா நாளும் போகாது, போய் இறங்கின முதல் நாளே படகுத்துறையில விசாரிச்சு வச்சுக்கோங்க. போட் இல்லன்னா மவுண்ட் ஹாரியட் போங்க, இப்போ மவுண்ட் மணிப்பூர்னு பேரு, 1891 போர்ல தோத்த மணிப்பூர் மகாராஜாவை அங்கதான் வச்சிருந்தாங்க. மேல இருந்து ராஸ், நார்த் பே எல்லாம் ஒரே பார்வையில தெரியும், அந்த 20 ரூபாய் நோட்டை வெளிய எடுக்க வேண்டிய இடமும் அதுதான்.